பக்கம் திருப்புகிறவள்

மின்விசிறிகளை நிறுத்திவிட்டார்கள். வாசிப்பு தொடங்குமுன் எப்போதும் நிறுத்திவிடுவார்கள், இல்லையென்றால் தாள் பறக்கும், துணிக் கிளிப் போட்டாலும் ஓரம் படபடக்கும், அந்தச் சத்தம் பியானோவுக்கு நடுவில் கேட்கும். அதனால் மார்ச் மாதத்துச் சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு வேப்பேரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நாற்பது பேர் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களைவிட அதிகமாக நான். விரல்களைப் புடவையில் துடைக்கிறேன். கறுப்புப் புடவை. பக்கம் திருப்புகிறவள் கறுப்புத்தான் கட்ட வேண்டும், வளையல் கூடாது, கண்ணுக்குத் தெரியவே கூடாது. மேடையில் இருந்துகொண்டே இல்லாமல் இருக்கக்கூடிய வேலை இது ஒன்றுதான் என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன். மச்சாது மிஸ்ஸின் இடது தோளுக்குப் பின்னால் ஒரு மர நாற்காலி. மிஸ் பியானோ. அவருக்கு வலப்பக்கம், வில்லை நீட்டினால் தொடும் தூரத்தில், வயலினோடு மூர்த்தி சார். அவருக்கும் அப்பால், பெரிய வயலின் போன்ற செல்லோவை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு ஞானதாஸ் அங்கிள். மூன்று பேர். நான் நான்காவது ஆள் இல்லை. முன்னால், முன்னால், பின்னால். இதை மட்டும் மறக்கக் கூடாது. மிஸ் முதல் முறை தலையசைக்கும்போது தாளை முன்னால் திருப்ப வேண்டும், இரண்டாம் முறையும் முன்னால், மூன்றாம் முறை பின்னால், இரண்டு தாளையும் சேர்த்துப் பிடித்து மறுபடி முதல் பக்கத்துக்கு. ஐந்தாம் பக்கத்தின் அடியில் இரட்டைக் கோடு இருக்கிறது, அதற்கு முன்னால் இரண்டு புள்ளிகள். புள்ளிகள் இருந்தால் அதுவரை வாசித்த அத்தனையையும் முதலிலிருந்து இன்னொரு தரம் வாசிக்க வேண்டும். இந்தக் காலத்தில் பலர் அதைச் செய்வதில்லையாம், அப்படியே அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறார்கள். மூர்த்தி சார்தான் பிடிவாதமாக, எழுதினவர் வேலையத்தா புள்ளி வெச்சாரு, என்றார். முன்னால், முன்னால், பின்னால். தப்பினால் என்ன ஆகும்? கண் தெரிகிற பியானோக்காரருக்கு முன்னால் தப்பினால் ஒன்றும் ஆகாது, அவர் தடுமாறுவார், முறைப்பார், ஒரு கையால் தாளைப் பிடுங்கித் தானே திருப்பிக்கொள்வார், எனக்கு அவமானம், அவ்வளவுதான். மிஸ் தடுமாற மாட்டார். அதுதான் பயம். மிஸ்ஸுக்குத் தாளில் இருப்பது தெரியாது. இந்த மண்டபத்தில் அது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

தொடங்கிவிட்டார். தாளில் கோடு போட்டுப் பிரித்த கட்டங்களில் முதல் எட்டும் மிஸ் தனியாகத்தான், மற்ற இருவரும் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள், மெதுவாக, ஒரு வீட்டுக்குள் ஆளில்லாத நேரத்தில் நுழைவது போல. மிஸ்ஸின் கண்கள் தாளின் மேல்தான் இருக்கின்றன. வரிக்கு வரி இடமிருந்து வலமாக நகரக்கூடச் செய்கின்றன. வீட்டுக் கண்ணாடி முன்னால் பழகியிருப்பாரோ, ஆனால் கண்ணாடியும் தெரியாதே. கண்ணு நடுவுல ஒரு கட்டைவிரல் ரேகை ஒட்டின மாதிரிம்மா, என்று பிறகு ஒருநாள் சொன்னார், எங்க பார்க்கிறேனோ அங்க மட்டும் இல்ல, ஓரமெல்லாம் இருக்கு. பிப்ரவரியில், அவர் வீட்டில் ஒத்திகைக்கு முன்னால் நான் அவசரத்தில் வேறொரு புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டேன், நீல அட்டைக்குப் பதில் பச்சை அட்டை. எடுத்து மாற்றுவதற்குள் வாசிக்கத் தொடங்கிவிட்டார், பச்சை அட்டையைப் பார்த்தபடி நீல அட்டையில் இருந்ததை வாசித்தார், ஒரு பிசகு இல்லை. பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது என் தொழில், எம்.ஏ. முடித்த நாளிலிருந்து வீட்டில் உட்கார்ந்து அடுத்தவர்களின் தவறுகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், பார்த்ததைச் சிவப்பில் சுழிப்பேன், வாயால் சொல்ல மாட்டேன். அன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து மிஸ்ஸே கேட்டார், நீ பாத்துட்ட இல்ல, என்று. பாத்தேன் மிஸ். மற்றவர்களிடம் சொல்லிவிடலாமே, அவர்கள் நல்லவர்கள்தானே என்று எனக்குள் இருந்ததை எப்படியோ முகத்தில் படித்துவிட்டார், முகம் தெரியாதவர் எப்படிப் படித்தாரோ. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் இடம் தேடி வைத்துவிட்டுச் சொன்னார். "சொன்னா பாவம்னு நினைப்பாங்க தேனு. பாவம்னு நினைச்சிட்டா அப்புறம் என் தப்பை யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க. அதுக்கப்புறம் மூணு பேர் வாசிக்கிறதில்ல அது. ரெண்டு பேர் வாசிச்சு ஒருத்தியைத் தூக்கிட்டுப் போறது. அன்னிக்கு நான் மூடிய மூடிடுவேன்." பியானோவின் மூடியைச் சொன்னார். நான் தலையாட்டினேன், பிறகு தலையாட்டியது அவருக்குத் தெரியாது என்று நினைவு வந்து, சரி மிஸ், என்றேன். அன்றிலிருந்து இந்த நாடகம். பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் தலையசைப்பார், நான் எழுந்து திருப்புவேன், திருப்பி முடிந்ததும் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு "ம்".

எட்டாவது கட்டம். மூர்த்தி சார் மூக்கால் உறிஞ்சுகிறார், சர்ரென்று, முதல் வரிசைக்கே கேட்கும், மூவரும் ஒரே கணத்தில் சேர்கிறார்கள். இந்த உறிஞ்சல் எனக்குப் பிடிக்கவில்லை. பொங்கலுக்குப் பிறகுதான் இந்தக் கெட்ட பழக்கம், அதற்கு முன்னெல்லாம் வயலினின் தலையை ஒரு விரற்கடை உயர்த்தி இறக்குவார், அதைப் பார்த்து மற்றவர்கள் சேர்வார்கள், அழகாக இருக்கும். இப்போது ஒவ்வொரு தொடக்கத்துக்கும் சளி பிடித்தவர் மாதிரி. ஏன்யா மூர்த்தி, வயலின் வாசிக்கிறியா பொடி போடறியா, என்று அங்கிள்கூடக் கேட்டுவிட்டார். சைனஸ், என்றார் சார். முதல் வரிசையில் ஒரு பெரியவர் நிகழ்ச்சித் தாளால் விசிறிக்கொண்டிருக்கிறார். நான் எழுதிய தாள். வாசிப்பவர்களைப் பற்றி ஆளுக்கு மூன்று வரி கேட்டார்கள், நான் மூவரிடமும் போய் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வந்து மூன்று வரியாக்கினேன். விட்டுப்போனதெல்லாம் என்னிடம் இருக்கிறது, அதை எங்கே வைப்பது. பி. கலியமூர்த்தி, திருவாரூர்ப் பக்கம், திரைப்பட இசைக்குழுக்களில் முப்பதாண்டு. இவ்வளவுதான் தாளில். அவருடைய அப்பா தவில்காரர். மூர்த்தி சார் பதினெட்டு வயதுவரை தரையில் சம்மணம் போட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசித்தவர், சென்னைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து தாடையில் வைத்துப் பிடிக்க ஒன்றரை வருஷம் ஆயிற்றாம், கழுத்தில் அது அழுத்திய தழும்பு இன்னும் இருக்கிறது, வெற்றிலைக் காவி நிறத்தில். இந்த மூவரும் சேர்ந்து முதன்முதலில் வாசித்ததைக் கேட்க அப்பாவை அழைத்து வந்திருக்கிறார். முடிந்ததும் அப்பா நல்லா இருக்குன்னும் சொல்லவில்லை, இல்லைன்னும் சொல்லவில்லை, ஒன்றே ஒன்று கேட்டார், உங்க மூணு பேருக்கும் தாளம் யாரு போடறா? யாரும் போடலப்பா, சேந்து மூச்சு விடுவோம். அது கஷ்டமாச்சே, என்றாராம் அப்பா. தலை அசைந்தது. எழுந்தேன். முன்னால். மூலையை நேற்றே லேசாக மடித்து வைத்திருந்தேன், விரல் வழுக்கவில்லை. "ம்".

இன்னும் இரண்டு. முன்னால், பின்னால். அங்கிளின் முறை, செல்லோ தனியாக மேலே ஏறுகிறது, தொண்டை கட்டிய ஆள் பாடுவது போல, அங்கிள் கண்ணை மூடிக்கொள்வார், வாய் லேசாகத் திறந்திருக்கும், பற்கள் தெரியும், அவருடைய மகள் பிரின்ஸி என்னோடு கல்லூரியில் படித்தவள், அந்த வாயைப் பார்க்க வேண்டுமே என்றுதான் கச்சேரிக்கு வர மாட்டேன் என்பாள். எட்வின் ஞானதாஸ், பெரம்பூர், ரயில்வே பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அப்பா ரயில்வே பேண்டில் பெரிய பித்தளைக் குழல் ஊதியவர். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியபோது எடுத்துப்போக முடியாமல் விட்டுப்போன செல்லோ இது. சொல்லிக்கொடுக்க ஆளில்லை. தந்திகளைத் தனக்குத் தோன்றியபடி முறுக்கிக்கொண்டு இரண்டு வருஷம் வாசித்திருக்கிறார், நாலு தந்தியில் ஒன்றுகூடச் சரியான சுருதியில் இல்லையாம், அதிலேயே தேவாலயத்துப் பாட்டு அத்தனையும் வாசித்தாராம். யாரோ சரியான சுருதியைச் சொன்னப்போ அழுதுட்டேன் தேனும்மா, ரெண்டு வருஷம் வீணாப்போச்சேன்னு இல்ல, தப்பாவே எவ்ளோ நல்லா இருந்துச்சுன்னு, என்றார். மின்சார ரயிலில் அதை வியாபாரிகள் ஏறுகிற வெண்டார் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போவார், கூடைகளுக்கு நடுவில். டிக்கெட் பரிசோதகர் உறைக்குள்ளே என்ன என்று கேட்டால், எங்க அத்தை, ரொம்ப நாளா பேசல, என்பார். இதைத் தாளில் போடலாமா என்றேன். போடு போடு, என்றார். மூர்த்தி சார்தான் அந்த வரியை அடித்துவிட்டார், மரியாதையா இருக்கட்டும்மா. தலை அசைந்தது, எழுந்தேன், முன்னால், "ம்". இப்போது நான்காம் பக்கமும் ஐந்தாம் பக்கமும் விரிந்திருக்கின்றன. அடியில் அந்த இரண்டு புள்ளிகள், நெருக்கமாக, எறும்பின் கண் மாதிரி. அடுத்தது பின்னால். அடுத்தது பின்னால். வியர்வை காதுக்குப் பின்னால் இறங்கிக் கழுத்தில் நிற்கிறது, துடைக்கக் கூடாது, கை உயர்ந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இங்கேதான் மிஸ் தாளத்தை விட்டுக் கொஞ்சம் முந்தி ஓடுவார். ஐந்தாம் பக்கத்துக்கு முன்னால், வலது கை இறங்கி வருகிற இடத்தில், எப்போதும். போன செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் மூர்த்தி சார் வில்லால் நாற்காலியைத் தட்டி நிறுத்தினார், மிஸ் இங்க ஓடறீங்க, மழை வருதா என்ன. மிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்க இழுக்கறீங்க மூர்த்தி. நானா? நீங்கதான். அங்கிள் நடுவில் செல்லோவில் கோர்ட்டு மணி மாதிரி டொய்ங் என்று ஒன்று வாசித்தார். பத்து நிமிஷம் சண்டை. மிஸ்ஸின் முகம் அன்றைக்கு இருந்தது மாதிரி நான் பார்த்ததே இல்லை, காது மடலெல்லாம் சிவந்து, இருபது வயதுப் பெண் மாதிரி. சண்டை முடிந்து வீட்டுக்குப் போகும்போது ஆட்டோவில் சொன்னார், பாத்தியா தேனு, மூர்த்திக்குத் தெரியல, தெரிஞ்சா இப்படிப் பேசுவாரா. சந்தோஷமாகச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தைத்தான் இப்போது என் இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பிலோமினா மச்சாது, தூத்துக்குடி. பள்ளிகளில் இசை ஆசிரியை. அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா, கொழும்பிலிருந்து தோணியில் ஒரு பழைய பியானோ வந்தது, உப்புக் காற்றில் தந்தியெல்லாம் துருவேறி முக்கால்வாசிக் கட்டைகள் அழுத்தினாலும் ஊமை. பத்து வயதுப் பெண் அதில்தான் பழகினாள். ஊமைக் கட்டையை அழுத்தும்போது என்ன கேட்க வேண்டுமோ அதைத் தானே மனதில் போட்டுக்கொள்வாளாம். முதன்முதலாக நல்ல பியானோ ஒன்றில் வாசித்தபோது எல்லாக் கட்டையும் சத்தம் போட்டதும் பயந்து கையை எடுத்துவிட்டாளாம். இதைப் போடாத, என்றார் மிஸ், இதுவும் பாவம்னு ஆயிடும். நான் போடவில்லை. எதையும் சொல்லாமல் இருப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் கருத்தரங்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள், பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன், எழுந்து நின்றேன், மேசையில் தாள், தாளில் எழுத்து, எல்லாம் தெரிந்தது, வாய் மட்டும் வரவில்லை. ஒரு நிமிஷமா இரண்டு நிமிஷமா. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். கடைசியில் பேராசிரியை, பாவம் உட்காரட்டும், என்றார். பாவம் என்ற அந்தச் சொல்லுக்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க வகுப்பில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, அன்பாக இருந்தார்கள், எழுதியதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள், ஒரு தாளில் ஆண்டைத் தவறாகப் போட்டிருந்தேன், அதைக்கூடச் சுழிக்கவில்லை, மதிப்பெண் முழுசாக வந்தது, அந்தத் தாளை நான் கிழித்து, எங்கே கிழித்தேன், விடுதியின் பின்படியில், மழை பெய்துகொண்டிருந்தது, துண்டுகள் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை, தலை அசைந்தது, எழுந்தேன், மூலை விரலில் பட்டது, முன்னால் திருப்பினேன். "ம்".

முன்னால். முன்னால் திருப்பிவிட்டேன். விரல் இன்னும் தாளில் இருக்கிறது, ஆறாம் பக்கமும் ஏழாம் பக்கமும் விரிந்து கறுப்பாக, அடர்த்தியாக, இதுவரை யாரும் வாசிக்காத எழுத்து, காதிலோ முதல் கட்டம், மிஸ் தனியாக, மெதுவாக, ஆளில்லாத வீட்டுக்குள் மறுபடி நுழைகிறார். ஒரு பிசகும் இல்லை. பிசகலாமே. ஒரு கணம் நிறுத்தலாமே, என்னை முறைக்கலாமே, கையை நீட்டலாமே. அவருக்கு எப்படித் தெரியும், சத்தம் கேட்டது, "ம்" சொல்லிவிட்டார், நான் சரியாகச் செய்துவிட்டேன் என்று இருக்கிறார். கண்கள் ஏழாம் பக்கத்தில் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டு இடமிருந்து வலமாக நகர்கின்றன. இரண்டாவது கட்டம். இப்போது திருப்பலாம். இப்போது திருப்பினால் மூன்று தாள், மூன்றும் ஒரே தடவையில் வராது, உட்கார்ந்தவள் மறுபடி எழ வேண்டும், நாற்காலி முனகும், எல்லோரும் பார்ப்பார்கள், பார்த்தால் என்ன, பார்த்தால் கேட்பார்கள், இவள் தப்பாகத் திருப்பியும் அந்த அம்மா எப்படி வாசித்தார். நாற்பது பேருக்கு இது தெரியாது. தாளைப் பார்த்தால் மேடையில் இருக்கும் மற்ற இரண்டு பேருக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது கட்டம். அங்கிள் கண்ணை மூடியிருக்கிறார், கடவுளே, அப்படியே மூடியிருக்கட்டும். கை எழவில்லை. அதே கை, கருத்தரங்கில் மேசையைப் பிடித்துக்கொண்டிருந்த அதே கை, மடியில் ஈரமாக, வேறு யாருடையதோ போல. நான்காவது. மூர்த்தி சாருக்கு இப்போது வாசிக்க எதுவும் இல்லை, வயலின் தாடைக்கடியில் இருக்கிறது, வில் முழங்காலில், அவர் திரும்புகிறார், தலையைத் திருப்பி மிஸ்ஸின் கைகளைப் பார்க்கிறார், பிறகு மேலே. தாளைப் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் தலைப்பு இருக்கும், இதில் இல்லை, இசை தெரியாதவர்கூடச் சொல்லிவிடலாம். முடிந்தது. அடுத்த ஒத்திகையில் அன்பாகப் பேசுவார்கள். மிஸ் நல்லா வாசிச்சீங்க, என்பார்கள், ஓடின இடத்திலும். மூடி மூடப்படும், அந்த வீட்டில் பியானோவின் மேல் துணி விரித்து யாராவது போட்டோ வைப்பார்கள். என்னால். ஒரு கை வழுக்காமல் இருந்து மனசு வழுக்கியதால். ஐந்தாவது.

வில் முழங்காலிலிருந்து எழுந்தது. வாசிக்க எடுக்கிறார் என்று நினைத்தேன், இன்னும் மூன்று கட்டம் இருக்கிறதே என்றும் நினைத்தேன். வில் மிஸ்ஸின் வலது தோளைத் தாண்டி நீண்டது, தோளைத் தொடவில்லை, அதன் நுனி இடப்பக்கத்துத் தாள்களுக்கு அடியில், நான் மடித்து வைத்த மூலையில் நுழைந்தது, மூன்று தாளும் சேர்ந்து எழுந்து தன் பக்கமாக, வலமாக, ஒரே வீச்சில் விழுந்தன. முதல் பக்கம். தலைப்பு. வில் திரும்பிப் போயிற்று. சாரின் முகத்தில் ஒன்றுமில்லை, மூக்கின் மேல் ஒரு ஈயை விரட்டியவர் அளவுக்குக்கூட இல்லை. என்னைப் பார்க்கவில்லை. ஆறாவது கட்டம். மிஸ்ஸின் கைகள் போய்க்கொண்டிருக்கின்றன. "ம்" வரவில்லை. தாளின் சத்தம் வலப்பக்கமிருந்து வந்தது. நான் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவள். துருப்பிடித்த ஊமைக் கட்டைகளிலிருந்து சத்தத்தை எடுத்த காது அது, வலம் இடம் தெரியாமலா போகும். அவருடைய கழுத்தின் பின்புறத்தில் ஒரு நரம்பு எழுந்து நின்றது, ஏழாவது கட்டம் முழுக்க நின்றது, கைகள் நிற்குமோ என்று நினைத்தேன், இப்போதே, இங்கேயே மூடிவிடுவாரோ. எட்டாவது. மூர்த்தி சார் மூக்கால் இழுத்தார், சர்ரென்று, முதல் வரிசைக்குக் கேட்க, மூவரும் ஒரே கணத்தில் சேர்ந்தார்கள். வயலினின் தலையை உயர்த்துவது கண்ணுக்கு. மூச்சு காதுக்கு. பொங்கலுக்குப் பிறகு. எனக்கு ஒரு மாதம் முன்னால். நான் பச்சை அட்டையைத் திறப்பதற்கு ஒரு மாதம் முன்னால் இந்த மனிதருக்குச் சைனஸ் வந்திருக்கிறது. அப்படியானால் போன செவ்வாய்க்கிழமை, வில்லால் நாற்காலியைத் தட்டி, மழை வருதா என்ன என்று கேட்டதும் தெரிந்துதான். பத்து நிமிஷம். காது மடல் சிவக்க.

முதல் தலையசைப்பு வந்தது. எழுந்தேன், முன்னால் திருப்பினேன். மிஸ் ஒன்றும் சொல்லவில்லை. செல்லோ தனியாக மேலே ஏறிற்று, அங்கிளின் வாய் திறந்தது. இரண்டாவது. முன்னால். ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் பக்கம் இறங்கி ஐந்துக்கு வருகிறது, வலது கை இறங்கி வருகிற அந்த இடம், மிஸ்ஸின் கை என் கண்ணெதிரே வேகமெடுக்கிறது, எப்போதும் போல, எப்போதையும்விட அதிகமாக, வேண்டுமென்றே செய்கிற மாதிரி, யாராவது ஏதாவது சொல்கிறார்களா பார்ப்போம் என்கிற மாதிரி. சொல்லாவிட்டால்? சார் தாடையை வயலினிலிருந்து எடுக்கவில்லை. உதட்டோரத்தில், வில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எரிச்சலாகச் சொன்னார்.

"ஓடறீங்க மிஸ்."

கழுத்து நரம்பு இறங்கியது. காது மடல் சிவந்தது, என் நாற்காலியிலிருந்து தெரிந்தது. மிஸ் தாளைவிட்டுக் கண்ணை எடுத்துவிட்டார், எங்கேயும் பார்க்காமல் நேராக வைத்துக்கொண்டார், உதடு அசையாமல் பதில் சொன்னார்.

"நீங்க இழுக்கறீங்க."

புள்ளிகள் வந்தன. இம்முறை அவற்றைத் தாண்ட வேண்டும். தலை அசைந்தது. விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தேன், ஆறாம் பக்கத்தைத் திறந்தேன்.

"ம்," என்றார் மிஸ்.